மலைப்பள்ளிக்கு இணையம்: ஒன்றரை லட்சத்தை எங்கே போடுவது?

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு மலைப்பள்ளி ஆசிரியர்கள் படித்தாலும் புரியட்டும். சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி, 82 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். பள்ளிக்குள் எந்த சிம்முக்கும் சிக்னல் இல்லை, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறை ஆன்லைன் பதிவேட்டில் வருகைப்பதிவு போட 700 மீட்டர் நடந்து ஒரு பாறை மேல் ஏறுகிறீர்கள். 6 கிலோமீட்டர் தள்ளி பஞ்சாயத்து அலுவலகம், அங்கே பைபர், அதாவது கண்ணாடி இழை இணையக் கம்பி, வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள், அதில் சாட்டிலைட் டிஷ் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். டிஷ் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தில் முதல் வருடம் நன்றாக ஓடும், மூன்றாவது வருடம் மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேள்வி வரும், அன்றைக்கு உங்களுக்கும் மாறுதல் வந்திருக்கலாம். பதினாறு வருடமாக இந்த மாதிரி இடங்களில் கம்பம் நட்டு ரேடியோ மாட்டுகிற வேலையில் இருக்கிறேன், நான் பார்த்தவரை பள்ளிகளில் செத்துப்போன இணைப்புகளில் பெரும்பாலானவை வேகம் போதாமல் சாகவில்லை. கட்டணம் கட்ட ஆளில்லாமல் செத்தவை, இடி மின்னலில் கருகியவை, பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் போனதோடு நின்றவை. அதனால் ஒன்றரை லட்சத்தில் என்ன வாங்கலாம் என்பதை விட, அந்த ஒன்றரை லட்சத்தை வைத்து எத்தனை வருடம் ஓட்டலாம் என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, இணையம் வந்தால் பள்ளியில் என்னென்ன நடக்க வேண்டும் என்று நான்கு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் இரண்டு வகை வேலை இருப்பது தெரியும். ஒன்று, உடனுக்குடன் வெளியே போக வேண்டியது: எமிஸ் வருகை, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டுப் பதிவு, சத்துணவுக் கணக்கு, அலுவலகக் கடிதம், எப்போதாவது ஒரு வீடியோ கூட்டம். இதில் வீடியோ கூட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் மிகச் சின்ன டேட்டா, 82 பிள்ளைகளின் ஒரு நாள் வருகைப்பதிவு நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அளவுகூட வராது. அதற்கு வேகம் வேண்டாம், அறுந்து அறுந்து போகாமல் இருந்தால் போதும். இரண்டாவது வகை, பிள்ளைகள் பார்ப்பது, படிப்பது: பாட வீடியோ, பாடநூல் பிடிஎஃப், விக்கிப்பீடியா, அறிவியல் செய்முறை விளையாட்டுகள். டேட்டாவை விழுங்குவது இதுதான், ஆனால் இதில் பெரும்பகுதி இன்று பார்த்தாலும் போன மாதம் பார்த்தாலும் மாறாத பொருள். மாறாத பொருளை ஒவ்வொரு முறையும் மலை ஏற்றி இறக்க வேண்டிய தேவையே இல்லை.

சுமாரான தரத்தில், 480 அளவில், ஒரு மணி நேர வீடியோ அரை ஜிபியிலிருந்து முக்கால் ஜிபி வரை இழுக்கும். ஒரே பாட வீடியோவை மூன்று வகுப்பில் மூன்று நாள் போட்டால் மூன்று முறை இறங்குகிறது. அதையே முப்பது டேப்லெட்டில் தனித்தனியாகப் பார்க்க விட்டால் உங்கள் லைனுக்கு ஒரே நேரத்தில் 30 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேல், வேகம் வேண்டும். பள்ளிக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் அந்த வீடியோ இருந்தால் வெளியே போகும் லைனுக்கு ஒரு துளி வேலையும் கிடையாது.

அதனால் என் முதல் செலவு அந்தக் கணினிதான். ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி கிடைக்கிறது, அது இல்லையென்றால் அலுவலகங்களில் கழித்துக் கட்டும் சின்ன மேசைக் கணினியை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். ஒரு டெராபைட் (1,000 ஜிபி) டிஸ்க், ஒரு நல்ல வைஃபை பெட்டி சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடியும். அதில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், விக்சனரி என்ற அகராதியையும் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரை இருக்கிறது, அவ்வளவும் பென்டிரைவில் அடங்கும். கோலிப்ரி என்று இன்னொன்று, இணையமே இல்லாத பள்ளிகளுக்கென்றே செய்தது. பாடங்களை வரிசைப்படுத்தி, எந்தப் பிள்ளை எதுவரை போயிருக்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த, திரையிலேயே செய்துபார்க்கும் பெட் (PhET) செய்முறைகள் இருக்கின்றன, மின்சுற்று, பின்னம், தராசு என்று பலவும் தமிழிலேயே மொழிபெயர்த்துக் கிடைக்கின்றன, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி இணையமில்லாமல் ஓட்டலாம். நம் பாடநூல்களின் பிடிஎஃப் எல்லா வகுப்புக்கும் இறக்கிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் டேப்லெட்டில் வைஃபையைத் தொட்டால் இவ்வளவும் வரும், வெளி லைன் அறுந்து கிடக்கும் நாளிலும் வரும்.

இதைச் சொன்னால் சில பேர் "அது இணையம் ஆகாதே, பிள்ளைகளுக்குப் பாதிதானே கொடுக்கிறீர்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தானாக ஒரு கேள்வி எழுந்து, அதைத் தேடி, யாரும் முன்கூட்டியே எடுத்து வைக்காத ஒரு பதிலுக்குப் போய்ச் சேருவது என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கில் நடக்காது. மலைப் பிள்ளைகளுக்கு அது வேண்டும், கட்டாயம் வேண்டும். நான் சொல்வது, உள்ளே இருப்பதை உள்ளேயே பார்த்துவிட்டால் மிச்சமிருக்கும் அந்த மெல்லிய வெளி லைன் முழுவதும் அந்தத் தேடலுக்குக் கிடைக்கும் என்பதுதான். இந்த ஏற்பாட்டோடு நிலையான 4 எம்பிபிஎஸ் வந்தால் உங்கள் பள்ளிக்குத் தாராளம், 10 வந்தால் கவலையே இல்லை.

அப்புறம், உங்கள் பகுதியில் ஊராளிப் பிள்ளைகளும் சோளகர் பிள்ளைகளும் படிப்பார்கள், சிலர் வீட்டில் கன்னடம் கலந்து பேசுவார்கள். அவர்கள் மொழியில் இணையத்தில் தேடினால் ஏறக்குறைய ஒன்றுமே வராது. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை, பாட்டு, செடிகொடிகளின் பெயர், இதையெல்லாம் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, போனில் பதிந்து அந்தக் கணினியில் போடுங்கள். பிள்ளைகளே பதியட்டும். ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது, மற்ற எல்லாவற்றையும் விட அதிக முறை திறக்கப்பட்டது பாட்டிமார் பதிவுகள்தான்.

இப்போது வெளி லைனுக்கு வருவோம். பாறையில் சிக்னல் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை, ஒரு டவர் எங்கேயோ உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த நிறுவனத்து டவர், எந்தத் திசையில், எந்த அலைவரிசையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான்கு நிறுவன சிம்மையும் கொண்டுபோய், போனில் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, சிக்னல் கோடு எத்தனை என்று பார்க்காமல், சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் வரும்: மைனஸ் 85 அருமை, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 115ஐத் தாண்டினால் ஆன்டெனா இல்லாமல் நடக்காது. காலை பத்து மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எழுதி வையுங்கள், ஏனென்றால் மலை டவர்கள் சாயங்காலம் கூட்டத்தில் திணறும், பள்ளி நேரத்தில் காலியாக இருக்கும், அது உங்களுக்கு வசதி.

பிஎஸ்என்எல் சிம்மை மறுபடியும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முன்பு அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்று விட்டிருப்பீர்கள். 4ஜி எட்டாத கிராமங்களுக்காக 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டது, கணக்கில் எடுத்தது 24,680 கிராமங்கள், அதில் மலைக்கிராமங்கள் நிறைய. பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கியது. அவர்களுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கிறது, இந்த மாதிரித் தாழ்ந்த அலைவரிசை மரத்தையும் மேட்டையும் கொஞ்சம் தாண்டி வரும், 2300 மாதிரி உயர்ந்தது வராது. ஆனால் ரூட்டர் வாங்கும்போது அது 700ஐ, அதாவது பேண்ட் 28ஐ, எடுக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும், பல மலிவு ரூட்டர்கள் எடுக்காது.

அடுத்த சோதனைக்கு ஒரு நீளமான மூங்கில் போதும். பள்ளிக் கூரை மேல் நின்று, மூங்கில் நுனியில் போனைக் கட்டி ஹாட்ஸ்பாட் போட்டு மேலே தூக்குங்கள், கீழே இன்னொரு போனை அதோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். தரையில் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் பத்து மீட்டர் உயரத்தில் 2 எம்பிபிஎஸ் வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது: கூரையில் ஒரு இரும்புக் கம்பம், உச்சியில் சிம் போடும் வெளிப்புற ரூட்டர், டவர் பக்கம் திருப்பிய திசை ஆன்டெனா. ரூட்டரைக் கீழே அறையில் வைத்து ஆன்டெனாவை மட்டும் மேலே வைக்காதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. கடையில் கிடைக்கும் மெல்லிய ஆன்டெனா கேபிள் இந்த அலைவரிசைகளில் நாலைந்து மீட்டருக்குள்ளேயே சிக்னலில் பாதியைக் குடித்துவிடும், நீங்கள் ஆன்டெனாவால் சம்பாதித்ததைக் கேபிளில் தொலைப்பீர்கள். ரூட்டரே மேலே இருக்கட்டும், கீழே வருவது சாதாரண நெட்வொர்க் கேபிளாக இருக்கட்டும், அதே கேபிளில் மின்சாரமும் ஏறும், 100 மீட்டர் வரை டேட்டா குறையாமல் ஓடும்.

மூங்கில் சோதனையில் வரவில்லை என்றால் பாறைதான். பாறையில் அந்த ரூட்டரை வைத்து, அங்கிருந்து பள்ளிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி ஒன்றால், அதாவது முனைக்கு ஒன்றாக எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு வைஃபை ரேடியோவால், இழுக்க வேண்டும். 700 மீட்டர் இதற்கு ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுவும் வெறும் கோடு தெரிந்தால் போதாது, நடுவில் கோட்டைச் சுற்றி இரண்டு மீட்டராவது மரக்கிளை இல்லாமல் இருக்க வேண்டும். கோடையில் பார்த்து மாட்டிவிட்டு, மழைக்காலத்தில் இலை தழைத்ததும் லைன் போய்விட்டது என்று கூப்பிடுவார்கள். இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பகுதி 2018 அக்டோபர் அறிவிப்புக்குப் பிறகு உரிமம் தேவையில்லாதது, அனுமதி பெற்ற கருவியாக வாங்கினால் சட்டச் சிக்கல் கிடையாது. பாறையில் மின்சாரம் இருக்காது, சின்ன சோலார் வேண்டும். யானை வழித்தடமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்காமல் அங்கே ஒரு கம்பியும் நடாதீர்கள், அந்த இடம் வனத்துறைக்குச் சொந்தமானால் எழுத்தில் அனுமதி வாங்காமலும் நடாதீர்கள்.

இப்படி வைஃபை ரேடியோவைத் தூரத்துக்கு இழுப்பது புதுசு இல்லை, அதன் முக்கியமான பாடங்களில் ஒன்று நம் தேனியிலேயே எழுதப்பட்டது. 2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றியிருக்கும் சின்ன ஊர்களின் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு நீள்தூர வைஃபையால் இணைத்தார்கள், நோயாளி அங்கே உட்கார்ந்திருக்க டாக்டர் இங்கிருந்து வீடியோவில் பார்த்தார். சாதாரண வைஃபை, பதில் வர நேரமானால் செய்தி தொலைந்தது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதைத் தூரத்துக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் வெளியிட்டதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ரேடியோ பற்றிய பகுதி இல்லை. கருவிகள் அடிக்கடி செத்ததற்குப் பெரிய காரணம் மின்சாரத்தின் தரம் என்று அவர்கள் கண்டதுதான். கிராமத்து லைனில் வரும் ஏற்ற இறக்கமும் திடீர் அடியும் பெட்டிகளைக் கருக்கின, மெமரி கார்டுகளைக் கெடுத்தன. நேபாளத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் மியாக்தி மாவட்டத்தின் நாங்கி கிராமத்தில் இதே வேலையை மரத்தின் மேல் ரேடியோ கட்டித் தொடங்கினார், அதற்காக 2007இல் மகசேசே விருதும் வந்தது. இணைப்பு நிறுவனத்தில் வேலை செய்தவர் கிடையாது, பள்ளிக்கூட வாத்தியார், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் பற்றி அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரூட்டர், ரேடியோ, வைஃபை பெட்டி, அந்தச் சின்னக் கணினி எல்லாம் சேர்த்தாலே 30 வாட்டைத் தாண்டாது, எல்லாமே உள்ளுக்குள் 5லிருந்து 24 வோல்ட்டுக்குள் ஓடுபவை. அதற்கு இன்வெர்ட்டர் போட்டு 230க்கு ஏற்றி, மறுபடி அடாப்டரில் இறக்குவது வீண். ஒரு 12 வோல்ட் பேட்டரி, 150 வாட் பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், அதிலிருந்து கருவிகளுக்கு, 12 வோல்ட் இல்லாத கருவிக்கு மட்டும் நடுவில் வோல்ட்டை மாற்றும் சின்னப் பெட்டி. பள்ளி நேரம் எட்டு மணி என்றால் ஒரு நாளுக்கு 240 வாட் மணி. நல்ல வெயிலில் அந்தப் பேனல் இதைப் போல இரண்டு மடங்கு கொடுக்கும், ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் பாதிகூடத் தராது, அந்த நாட்களுக்கு மட்டும் இபி லைனிலிருந்து பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் இபி லைனின் அடி நேராகக் கருவிக்குப் போகாது, நடுவில் பேட்டரி வாங்கிக்கொள்ளும்.

இடி மின்னலுக்கு எர்த் போடாமல் கம்பம் நடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலை உச்சியில், பிள்ளைகள் உட்காரும் கூரை மேல், உயரமான இரும்பு. கம்பத்துக்குத் தனி எர்த் குழி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின் அடியைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு, இரண்டுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் ஆகலாம். இந்தச் செலவைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் குறைக்காதீர்கள். பாறை மண்ணில் எர்த் எளிதில் பிடிக்காது, எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பைபர் வந்தால் இதையெல்லாம் விட நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், கிடைத்தால் அதற்கு ஈடில்லை, மாதம் 400லிருந்து 600 ரூபாய், மேலே 18 சதவீத வரி, மேகம் மறைக்காது, மரம் மறைக்காது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு பைபர் கொண்டுபோகும் வேலைக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது, பின்னால் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. இந்தப் பெரிய வலையில் இடைவெளி எப்போதும் கடைசியில்தான், ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வரும், அதற்கு மேல் பள்ளிக்கு வராது. நீங்கள் நேரில் போய், அந்த அறையில் பெட்டி எரிகிறதா, அதில் இணையம் ஓடுகிறதா, மின்சாரம் போனால் ஓடுமா, மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். "வந்திருக்கிறது" என்ற வார்த்தையை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஓடுகிறது என்றால் 6 கிலோமீட்டருக்கு மறுபடி ரேடியோ ஜோடிதான் மலிவு, 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு நடுவில் கோட்டைச் சுற்றி ஐந்தரை மீட்டர் வெட்டவெளி வேண்டும். மலைக்கு மலை, நடுவில் பள்ளத்தாக்கு என்றால் அது தானாகவே கிடைத்துவிடும், சமவெளிக்காரர்கள் முப்பது மீட்டர் டவர் கட்டித்தான் அதைப் பெறுகிறார்கள். கம்பியாகவே இழுக்க வேண்டுமானால் வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை: 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), வனத்தில் வாழும் மக்களுக்கான பள்ளி, அங்கன்வாடி, சாலை, மின் மற்றும் தொலைத்தொடர்பு லைன் போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அதனால் அடுத்த கிராம சபையில் பள்ளிக்குத் தொலைத்தொடர்பு லைன் என்று பெயர் சொல்லித் தீர்மானம் போட வையுங்கள். நாளைக்கே கம்பி வராது, ஆனால் தீர்மானம் இல்லாத ஊரின் கோப்பு எந்த மேசையிலும் நகராது.

இப்போது டிஷ். பழைய வகை சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது, நீங்கள் ஒரு பட்டனைத் தொட்டு பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். புதிய ஸ்டார்லிங்க் வகை சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, தாமதம் பைபருக்குப் பக்கத்தில் வந்துவிடும், உண்மையாகவே நல்ல தொழில்நுட்பம், இந்தியாவில் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை அதற்கு உரிமம் கொடுத்தது. ஆனால் சாதாரண டிஷ் 50லிருந்து 100 வாட் வரை இழுக்கும், மேலே சொன்ன மொத்த ஏற்பாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆக சோலாரும் பேட்டரியும் அதே அளவு பெருகும். வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், மரம் கூடாது. மாதக் கட்டணம் பைபரைப் போலப் பல மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். பாறையும் வேலைக்கு ஆகாது, பஞ்சாயத்தும் கண்ணுக்குத் தெரியாது என்ற ஊர்களுக்கு அதுதான் வழி, அங்கே நானே வாங்கச் சொல்வேன். உங்களுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது.

உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் சாமராஜநகரில் இதன் முன்கதை ஒன்று உண்டு. கல்விக்கென்றே இஸ்ரோ 2004 செப்டம்பரில் எடுசாட் செயற்கைக்கோளை அனுப்பியது, அந்த மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகள் நூற்றுக்கணக்கில் டிஷ் வைத்துப் பாடம் பெற்றன. 2010இல் அந்தச் செயற்கைக்கோளின் ஆயுள் முடிந்தது. வானத்தில் இருப்பது நின்றால் கீழே டிஷ் என்ன செய்யும்? அதை நினைக்கும்போதெல்லாம், பள்ளிக்குள் டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான் பள்ளிக்குச் சொந்தம் என்று தோன்றும்.

பணத்துக்கு வருகிறேன். கணினியும் வைஃபையும் 15,000, வெளிப்புற ரூட்டரும் ஆன்டெனாவும் 12,000, தேவைப்பட்டால் ரேடியோ ஜோடி 14,000, கம்பமும் கூலியும் 10,000, சோலார் பேட்டரி 22,000, எர்த் 6,000. ஏறத்தாழ 80,000. மிச்சம் 70,000ஐத் தொடாதீர்கள். அதை வங்கியில் போட்டு மாதம் 700 வீதம் எடுத்தால் எட்டு வருடத்துக்கு மேல் வரும், நடுவில் ஒரு பேட்டரி மாற்றினாலும் ஆறு ஏழு வருடம் நிற்கும். முன்னாள் மாணவர்களுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம், கொடுக்கும் கை ஒரு பெரிய பொருளைப் பார்க்க ஆசைப்படும், திறப்பு விழாப் படத்தில் வங்கிக் கணக்கு தெரியாது. பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கல்வித் திட்டத்தின் மானியத்திலும் இடம் இருக்கிறது. சமக்ர சிக்‌ஷாவில் 30க்கு மேல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடம் 25,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குப் போக வேண்டும், இணையக் கட்டணத்தை அதிலிருந்து கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிதியே நிறுத்தப்பட்டதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். 2025 மத்திய பட்ஜெட்டில் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பாரத்நெட் வழியே இணைப்பு என்று அறிவித்தார்கள். உங்களுடையது நடுநிலைப் பள்ளி, அந்த வாக்கியத்துக்குள் வராது. எனக்கு இதில் கோபம் உண்டு. நாம் ரீசார்ஜ் செய்யும் காசிலிருந்து நிறுவனங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமத் தொலைத்தொடர்புக்கென்று செலுத்துகின்றன, இன்று அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அமெரிக்காவில் இதே மாதிரி நிதியிலிருந்துதான், 1996 சட்டத்தின்படி, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20லிருந்து 90 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கிறார்கள், ஏழைப் பள்ளிக்குத்தான் அதிகத் தள்ளுபடி. இங்கேயும் மாதக் கட்டணத்துக்கு அப்படி ஒரு நிலையான ஏற்பாடு இருந்தால், நீங்கள் முன்னாள் மாணவர்களிடம் கை நீட்ட வேண்டியதே இல்லை. பள்ளிகளைப் பற்றி மத்திய அரசு எடுக்கும் யூடைஸ் கணக்கில், 2024-25இல், நாட்டின் 63.5 சதவீதப் பள்ளிகளில் இணையம் உண்டு. உண்டு என்று கட்டத்தில் குறித்தால் போதும், எத்தனை நாள் ஓடியது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.

கணக்கு யார் பெயரில் என்பதை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். நான் இணைப்பு கொடுத்த ஒரு பள்ளியில், சிம்மும் ஆன்லைன் கணக்கும் எச்.எம். தன் பெயரிலேயே, தன் போன் எண்ணிலேயே எடுத்திருந்தார், நல்ல மனதோடு, தன் கைக்காசில் ரீசார்ஜும் செய்துவந்தார். ஜூனில் அவருக்கு மாறுதல் வந்தது. ஓடிபி அவர் போனுக்குப் போனது, அவர் எண்ணும் மாறிப்போனது, புது எச்.எம்.முக்கு ரூட்டர் பாஸ்வேர்டும் தெரியாது. நான் ஏழு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பேனல் மேல் கொடி படர்ந்திருந்தது, கருவி எதுவும் கெடவில்லை. என் தப்பும் அதில் உண்டு, நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் ஒட்டுகிறேன். இணைப்பு பள்ளியின் பெயரில், போன் எண் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இருக்கும் தனி சிம்மில், பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. குழுத் தலைவர் அந்த ஊர் அம்மாதான், அவருக்கு மாறுதல் கிடையாது.

ஊரில் ஒரு பெட்டிக்கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளப் பாருங்கள். 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டத்தில், சின்னக் கடைகள் உரிமம் இல்லாமலேயே வைஃபை விற்கலாம். பைபர் வரும் நாளில் அவர் அதை மாலையில் ஊருக்கு விற்று, பள்ளியின் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்கலாம். இது சிம் லைனுக்கு ஒத்துவராது, பைபர் வந்த பிறகு செய்ய வேண்டியது.

ஓட ஆரம்பித்ததும் டேட்டா எங்கே போகிறது என்று பாருங்கள், உங்கள் நான்கு பேர் போன்கள் வைஃபையைக் கண்டதும் போட்டோக்களை மேலே ஏற்றத் தொடங்கும், ஸ்மார்ட் போர்டு அப்டேட் இழுக்கும், ஒரு வாரத்தில் மாதக் கோட்டா தீரும். பள்ளி வைஃபையில் அப்டேட்டையும் பேக்கப்பையும் நிறுத்திவையுங்கள். ரூட்டரில் லைனை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால், வேகத்தை வருவதில் தொண்ணூறு சதவீதமாகக் கட்டி வையுங்கள், ஒருவர் வீடியோ பார்க்கும்போது இன்னொருவரின் எமிஸ் பக்கம் சுழன்றுகொண்டே நிற்பது நின்றுவிடும். பிள்ளைகள் கையில் போவதால் வேண்டாத தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடிக்கொடுக்கும் சேவை) முகவரியை ரூட்டரிலேயே போடுங்கள், இலவசம்தான்.

வரும் சனிக்கிழமை நான்கு சிம், ஒரு மூங்கில், ஒரு நோட்டு. பாறையிலும் கூரையிலும் எடுத்த எண்களை, டவர் எந்தத் திசை என்பதோடு இங்கேயே எழுதுங்கள், பஞ்சாயத்து அலுவலகப் பெட்டி எரிகிறதா என்பதையும். பாறையிலிருந்து பள்ளியைப் பார்த்து ஒரு போட்டோவும் போடுங்கள். என்ன ஆன்டெனா, எத்தனை அடிக் கம்பம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.